விண்ணில் ஒரு சுழி



அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழி, குண்டாற்றங்கரையில் அமைந்த பழம்பதி. பிரளய வெள்ளம் சுழித்து நிலத்துள் மறைந்த இடமாதலின் அப்பெயர் வந்தது என்பது தலபுராணச் செய்தி. மழை குறைந்த அந்நாட்டில், நிலவில்லா இரவில் களத்துமேட்டில் நின்று நோக்கினால் பால்வீதி வெண்புகைபோல் தோன்றும். அதுவும் ஒரு மாபெருஞ் சுழியே; நாம் அதனுள்ளேதான் குடியிருக்கிறோம். இவ்வுண்மையை மனிதன் அறிந்த வரலாறு மிக அண்மையது.

1845-ஆம் ஆண்டில் அயர்லாந்தில் ராஸ் பிரபு, ஆறு அடி விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கியின் வாயிலாக ஒரு வான்புகையில் சுருள் வடிவைக் கண்டு வரைந்தார். அது நம் பால்வீதியைச் சேர்ந்ததா, அதற்கு அப்பாற்பட்டதா என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. 1923-இல் எட்வின் ஹபிள் ஆந்திரமேடா வான்புகையில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டு, அதனையே அளவுகோலாகக் கொண்டு தொலைவைக் கணித்தார். அது தனியொரு விண்மீன் மண்டலம் எனத் தெளிவாயிற்று. மார்கழி முன்னிரவில் வடவானில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரிவது அதுதான்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓரிடம் கிடைத்துள்ளது. புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஆராய்ச்சி மாணவி ராஷி ஜெயினும், அவருடைய வழிகாட்டி யோகேஷ் வாடதேகரும் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி தந்த பதிவுகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 70,000 பொருள்களிடையே, இரு கைகள் விரித்த அழகிய சுருள் மண்டலம் ஒன்று புலப்பட்டது. 2025-இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். ஏபல் 2744 என்னும் மண்டலக் கூட்டம் இடையில் நின்று, தன் ஈர்ப்பினால் ஒளியை வளைத்து, உருப்பெருக்கிபோல் உதவியது. அதன் விட்டம் சுமார் 30,000 ஒளியாண்டு. அதிலுள்ள விண்மீன்களின் நிறை ஆயிரங்கோடிச் சூரியன்களுக்கு நிகர். ருத்ரப்பிரயாகையில் மந்தாகினியோடு கலக்கும் அலக்நந்தா நதியின் பெயரை அதற்குச் சூட்டினர். மந்தாகினி என்பது இந்தியில் பால்வீதிக்கும் பெயர். ஆகவே இப்பெயர் உடன்பிறந்தாளின் பெயர்போல் பொருந்துகிறது.

இதனால் விளைந்த வியப்பு யாது? அவ்வொளி புறப்பட்டு ஏறத்தாழ 1200 கோடி ஆண்டுகள் ஆயின. அப்போது நம் பூமியே இல்லை; பேரண்டத்தின் வயதோ 150 கோடி ஆண்டுகளே. அத்துணை இளமையில் மண்டலங்கள் ஒழுங்கற்றுக் கொந்தளித்திருக்கும், சீரான சுருள் அமையப் பன்னெடுங்காலம் வேண்டும் என்று அறிஞர் கருதியிருந்தனர். அலக்நந்தாவோ அதற்குள் சுருள் கைகளை விரித்து நின்றது. ஆண்டுதோறும் சுமார் 60 சூரியன்களின் நிறையளவு புது விண்மீன்களையும் ஈன்றுகொண்டிருந்தது. எனவே, அண்டங்கள் உருப்பெறும் காலக்கணக்கை மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று.

ராஸ் பிரபு தம் மாளிகைத் தோட்டத்தில் தொலைநோக்கி கட்டினார். இன்று வெப் தொலைநோக்கியின் பதிவுகள் உலகினர் அனைவர்க்கும் திறந்துள்ளன. பெருங்கருவி சொந்தமாக இல்லாதார்க்கும் உழைப்பும் கூர்ந்த நோக்கும் இருந்தால் போதும் என்பதை ஒரு மாணவி மெய்ப்பித்துவிட்டார். கரிசல் மண்ணில் நின்று வானை நோக்கும் நீங்களும் அவ்வரிசையில் சேரலாம் அன்றோ?