கிரெண்டா பஸ் கம்பெனி: பேலன்ஸ் ஷீட்டில் வராத ஒரு கணக்கு



2012 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், பஸ் டிரைவர்கள் பலர் தங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போனார்கள். சம்பளம் போக, ஆயிரக்கணக்கான டாலர் கூடுதலாக வரவு வைக்கப்பட்டிருந்தது. வங்கிதான் ஏதோ தவறு செய்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு என அப்போதைய செய்திகள் கூறின. வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்த எனக்கு இந்தச் செய்தி உடனே மனதில் பதிந்துவிட்டது. கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால் காலை பத்து மணிக்கே ஆள் வந்து நிற்பார். கூடியிருந்தால் வருவது அபூர்வம்.

ஆனால் இது தவறான வரவு அல்ல. 66 ஆண்டுகள் நடத்திய பஸ் கம்பெனியை விற்ற ஒரு குடும்பம், கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனி எப்படி வளர்ந்தது, அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் மெல்போர்னில் இருக்கிறார்கள். அங்கே போய் வந்தவர்கள் இந்த பஸ்களில் ஏறியும் இருப்பீர்கள்.

ரயில் போகாத இடமெல்லாம்

மெல்போர்ன் என்றால் எல்லோருக்கும் டிராம்தான் நினைவுக்கு வரும். டிராமும் ரயிலும் அரசு அமைப்புகளின் கையில் வளர்ந்தவை. புறநகர் பஸ்களின் கதை வேறு. அவற்றில் பெரும்பகுதியைச் சின்னச் சின்னக் குடும்பங்கள் நடத்தின. ரயில் பாதைகள் நகரின் மையத்திலிருந்து, விரித்த கையின் விரல்கள் போல வெளியே போகின்றன. ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்குப் போக வழியில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள்தான் இந்த பஸ் குடும்பங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், கடைவீதிக்கும் மக்களைக் கொண்டுபோய் விட்டார்கள்.

1924இல் ஹாரி கார்ன்வால் என்பவர் பாக்ஸ் ஹில்லிலிருந்து மென்டோன் வரை ஒரு பஸ் விட்டார். வென்சுரா என்ற கம்பெனி அப்படித்தான் பிறந்தது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கடைசியில் மீண்டும் வரும்.

நம் கதாநாயகரான கிரெண்டா குடும்பம் இந்தத் தொழிலுக்கு வந்தது 1945இல். ஜார்ஜ் கிரெண்டா, டான்டினாங்கில் ஒரு பஸ் சர்வீஸை வாங்கினார். மெல்போர்னுக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் டான்டினாங் அப்போது ஒரு சந்தை ஊர். உலகப் போர் முடிந்த வருடம் அது. பெட்ரோல் ரேஷன் இன்னும் நீங்கவில்லை. பஸ் தொழிலில் பணம் போட அது பாதுகாப்பான நேரம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊர் வளர்ந்தது, பஸ்ஸும் வளர்ந்தது

பத்தே வருடத்தில் டான்டினாங்கின் முகம் மாறிவிட்டது. 1952இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தொழிற்சாலை வந்தது. 1955இல் ஹெயின்ஸ் உணவுத் தொழிற்சாலை. 1956இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹோல்டன் கார் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலைக்கென்றே ‘ஜெனரல் மோட்டார்ஸ்’ என்ற பெயரில் ஒரு ரயில்வே ஸ்டேஷனும் திறந்தார்கள். போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்த காலம் அது. தொழிலாளர்களுக்காக அரசு வீட்டு வசதித் துறை பக்கத்திலேயே டவ்டன் என்ற குடியிருப்பைக் கட்டியது. வீடு இருந்தது, வேலை இருந்தது. இரண்டுக்கும் நடுவே பஸ் வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கார் தொழிற்சாலை இருந்த ஊரிலேயே பஸ் கம்பெனி வளர்ந்தது. ஆனால் சம்பளம் சேர்ந்ததும் மக்கள் முதலில் வாங்கியது கார். ஆஸ்திரேலியா முழுவதும் இதே கதைதான். 1960களில் வீட்டுக்கு வீடு கார் வந்ததும் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. டிரைவர் சம்பளமும் டீசலும் ஏறின; டிக்கெட் விலையை அதே வேகத்தில் ஏற்ற முடியவில்லை. பல சிறு கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. 1970களிலிருந்து விக்டோரியா மாநில அரசு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அது ஒப்பந்த முறையாக மாறியது. டிக்கெட் பணம் அரசுக்குப் போகும். ஒப்பந்தப்படி பஸ் ஓட்டுவதற்குக் கம்பெனிக்கு அரசு பணம் கொடுக்கும்.

இந்தச் சூழலில் பக்கத்துத் தடத்தை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இரண்டு டெப்போவுக்குப் பதில் ஒரே டெப்போ போதும். உதிரி பாகங்களை மொத்தமாக வாங்கலாம். பழுதானால் மாற்றி விடுவதற்கென்று நிறுத்தி வைக்கும் பஸ்களின் எண்ணிக்கையும் குறையும். ஜார்ஜுக்குப் பின் பொறுப்பேற்ற அவர் மகன் கென் கிரெண்டாவின் காலத்தில் கம்பெனி இப்படித்தான் பெருகியது. ஃபிராங்ஸ்டன் பக்கம் பெனின்சுலா, கிழக்கே இன்விக்டா ஆகிய கம்பெனிகள் இவர்கள் குடைக்குள் வந்தன. ஊர் மக்களுக்குப் பழகிய பெயர்கள் என்பதால் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸைக் கட்டவும் தொடங்கினார்கள்

என்னைப் பொறுத்தவரை இவர்களின் துணிச்சலான முடிவு 1979இல் எடுத்தது. ஸ்வீடனின் வோல்வோ கம்பெனி சேஸிஸ் செய்யும். அதன்மேல் பாடி கட்ட ஆள் வேண்டும். கிரெண்டாவும் வோல்வோவும் சேர்ந்து ஒரு பாடி கட்டும் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். பெயர் வால்கிரென். வோல்வோவின் முன்பாதி, கிரெண்டாவின் முன்பாதி, அவ்வளவுதான்.

அலுசுவிஸ் என்ற சுவிட்சர்லாந்து கம்பெனியின் உரிமம் பெற்று அலுமினியச் சட்டத்தில் பாடி கட்டினார்கள். சட்டங்களை வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டு இணைக்கும் முறை அது. அலுமினியம் இரும்பு போல் துருப்பிடிக்காது. இடித்துக்கொண்டால் அடிபட்ட பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். பஸ்ஸை ஓட்டிப் பழகியவர்களே பஸ்ஸைக் கட்டியதால், டெப்போ மெக்கானிக்கின் கஷ்டம் தெரிந்து கட்டினார்கள். நாளடைவில் வால்கிரென் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய பஸ் பாடி கம்பெனியானது. போட்டிக் கம்பெனிகளும் இவர்களிடம்தான் பஸ் வாங்கின.

விற்பனையும் ஒரு கணக்கும்

2011 கடைசியில் எல்லாம் கைமாறின. வால்கிரெனின் 75 சதவீதப் பங்கை பிரேசிலின் மார்கோபோலோ வாங்கியது. பஸ் தடங்களையும் டெப்போக்களையும் வாங்கியது, நான் நினைவில் வைக்கச் சொன்ன வென்சுரா. 1924இல் ஒற்றைத் தடத்தில் தொடங்கிய கார்ன்வால் குடும்பம், இதன் மூலம் விக்டோரியாவின் மிகப் பெரிய பஸ் கம்பெனிக்கு உரிமையாளரானது. விலை சுமார் 40 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று செய்திகள் வந்தன. அன்றைய மதிப்பில் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

பி.காம். படித்தவன் என்ற முறையில் இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன். அரசு ஒப்பந்தத்தில் ஓடும் பஸ்ஸுக்கு இவ்வளவு விலை எதற்கு? பஸ் ஒவ்வொரு வருடமும் தேய்மானத்தில் மதிப்பு இழக்கும். டெப்போ நிலத்துக்கு மதிப்பு உண்டு, ஒப்பந்தத்துக்கும் உண்டு. இவற்றுக்கு மேல் ஒன்று இருக்கிறது. அதைக் கணக்கியலில் குட்வில் என்போம். பஸ் நேரத்துக்கு வரும் என்று மக்கள் வைக்கும் நம்பிக்கை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அரசு வைக்கும் நம்பிக்கை, எல்லாம் அதில் அடக்கம். அந்த குட்வில்லை யார் சம்பாதித்தார்கள்? முதலாளி மட்டுமா? விடியற்காலை நாலு மணிக்குக் குளிரில் வண்டியைக் கிளப்பியவரும், பிரேக்கைச் சரிபார்த்தவரும், டியூட்டி சார்ட் போட்டவரும் இல்லையா?

நம் பாடப்புத்தகத்தில் குட்வில்லைப் பங்குதாரர்களுக்குள்தான் பிரிப்போம். 79 வயதான கென் கிரெண்டா வேறு மாதிரி பிரித்தார். சுமார் 1,800 ஊழியர்களுக்கு 1.5 கோடி டாலர் கொடுத்தார், சர்வீஸ் வருடங்களைப் பார்த்து. சராசரியாக ஒருவருக்கு 8,300 டாலர், அதாவது அன்றைக்கு நாலு லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு தொழில் அதன் ஆட்களைப் பொறுத்ததே என்றும், தங்களிடம் 52 வருடம் வேலை செய்தவர்கள்கூட உண்டு என்றும் அவர் பத்திரிகைகளிடம் சொன்னார்.

கணக்கை நேர்மையாகப் பார்த்தால், இது மொத்த விலையில் நாலு சதவீதத்துக்கும் குறைவு. ரூபாய்க்கு நாலு காசுகூட இல்லை என்று சிலர் சொல்லலாம். அது சரிதான், குடும்பம் ஏழையாகிவிடவில்லை. ஆனால் இந்தத் தொகையைக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டப்படி ஊழியருக்குச் சேர வேண்டியது சம்பளமும் விடுப்பும் ஓய்வூதியப் பங்களிப்பும்தான். அதற்கு மேலும் ஒரு பாக்கி இருக்கிறது என்று ஒரு முதலாளி தானே எழுதிக்கொண்டு, தானே தீர்த்தார். அந்தப் பாக்கியைப் பதிய எந்த லெட்ஜரிலும் பக்கம் கிடையாது.

இப்போது அந்த பஸ்கள் வென்சுரா பெயரில் ஓடுகின்றன. டான்டினாங்குக்கும் ஃபிராங்ஸ்டனுக்கும் நடுவே, கேரம் டவுன்ஸில் இருக்கும் சிவா விஷ்ணு கோவிலுக்கு நம்மவர்கள் போகும் பகுதியும் இந்தப் பழைய கிரெண்டா வட்டாரம்தான். பிள்ளையைப் பார்க்க மெல்போர்ன் போகிறவர்கள் அடுத்த முறை பஸ் ஏறும்போது, எங்காவது வால்கிரென் என்ற பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கிரெண்டா குடும்பத்தின் பெயர் இன்னும் அந்தப் பாதி வார்த்தையில் இருக்கிறது. இறங்கும்போது டிரைவருக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டு இறங்குங்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.