விட்டுப்போன பெயர்

எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறு வாசகசாலை இருக்கிறது. சென்ற வருஷம் அதன் ஆண்டு விழாவுக்கு அழைப்பு அனுப்பும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு வேறு வேலை ஏது என்று நினைத்தார்களோ என்னவோ!

வாசகசாலைக் கம்ப்யூட்டரில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்றில் அங்கத்தினர்களின் பெயரும் விலாசமும். மற்றொன்றில் அவர்கள் எடுத்துப் போன புத்தகங்கள். அந்த வித்தையில் தேர்ந்த பையன் ஒருவன் இரண்டையும் இணைத்து, ஒவ்வொருவர் விலாசத்துக்கும் எதிரே அவர் படித்த புத்தகங்களும் வரும்படி அச்சடித்துக் கொடுத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் விழாவன்று முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பல வருஷங்களாகச் சந்தா கட்டிவரும் பெரியவர் ஒருவருடையது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. அதனால் இரண்டாவது பட்டியலில் அவர் பெயரில் ஒரு வரிகூட இல்லை. சந்தாவை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நாங்கள்தான் அவரை அழைக்கவில்லை.

"யந்திரத்தின் மேல் தப்பில்லை, ஸார். ஜோடி சேர்ந்தவர்களைத்தான் கேட்டேன், ஜோடி சேர்ந்தவர்களைத்தான் கொடுத்தது" என்றான் பையன்.

அவனைக் குடைந்து கேட்டும், பிறகு நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்த முறைக்கு மூலபுருஷர் எட்கர் காட். 1923-ம் வருஷம் இங்கிலாந்தில் பிறந்தவர், யுத்த காலத்தில் விமானம் ஓட்டியவர், பிறகு ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்தவர். அந்த நாளில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால், எந்தக் கிளை வழியாகப் போனால் அது அகப்படும் என்று புரோகிராம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1970-ல் காட் எழுதிய கட்டுரை இந்த அலைச்சலுக்கு ஒரு முடிவு கட்டியது. எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைக்க வேண்டியது. எது வேண்டும் என்று மட்டும் கேட்க வேண்டியது. வழி தேடுவது யந்திரத்தின் பாடு.

அட்டவணைகளை இணைப்பதற்கு 'ஜாயின்' என்று பெயர். இரு பக்கமும் ஒரே எண் இருந்தால் வரிகள் சேரும். துணையில்லாத வரி, சத்தமில்லாமல் மறைந்துவிடும். அந்தச் 'சத்தமில்லாமல்' என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. பிழை என்று ஓர் எச்சரிக்கைகூட வராதாம்!

துணையில்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் இணைப்புகளைப் பற்றி 1976-லேயே லக்ருவா, பிரோத் என்ற இருவர் எழுதினார்கள். 1979-ல் காட் அதைத் தம் கொள்கையோடு சேர்த்து, 'அவுட்டர் ஜாயின்' என்று விவரித்தார். துணையற்ற வரி அப்படியே நிற்கும். எதிர்ப்பக்கம் வெற்றிடமாக இருக்கும். அந்த வெற்றிடத்துக்குப் பெயர் 'நல்'. நம் தமிழ் நல் அல்ல!

இவ்வளவு இருந்தும், எஸ்.க்யூ.எல். என்ற கேள்வி மொழிக்கு 1986-ல் அமெரிக்காவில் தரம் வகுத்தபோது இதைச் சேர்க்கவில்லை. ஆரக்கிள் கம்பெனி அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் அடையாளம் போட்டு ஒப்பேற்றியது. அந்த வசதியும் இல்லாதவர்கள், துணையுள்ளவர்களுக்கு ஒரு கேள்வியும் இல்லாதவர்களுக்கு ஒரு கேள்வியும் எழுதி, இரண்டு விடைகளையும் ஒட்டவைத்தார்கள். 1992-ல்தான் இடது, வலது, முழுமை என்று மூன்று வகையாக அது தரத்தில் இடம் பெற்றது.

இந்த வருஷம் பையன் இடது வகையைப் போட்டான். பட்டியல் வந்தது. பெரியவரை மறுபடியும் காணோம்!

பையன் தலையைச் சொறிந்தான். 'இந்த வருஷம் எடுத்த புத்தகங்கள்' என்று ஒரு நிபந்தனையைக் கடைசியில் சேர்த்திருந்தான். பெரியவருக்கு எதிரே இருப்பதோ வெற்றிடம். அது இந்த வருஷமா என்று கேட்டால், ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. 'தெரியாது' என்றுதான் விடை வரும். ஆம் என்று விடை வந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை யந்திரம் தள்ளிவிடுகிறது. வாசல் வழியாக உள்ளே அழைத்துவந்து கொல்லை வழியாக அனுப்பிய கதைதான்.

நிபந்தனையைக் கடைசியிலிருந்து எடுத்து, இணைப்பு நடக்கும் இடத்திலேயே வைத்தான். மாற்றியது ஒரே ஒரு வரி. இம்முறை பெரியவரின் பெயர் வந்தது, எதிரே ஒன்றுமில்லை.

அந்த அழைப்பை நான் தபாலில் சேர்க்கவில்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, "புதிதாக என்ன புத்தகம் வந்திருக்கிறது?" என்று கேட்டார்.