பண்ணைப்புரத்துக்கு முதல்ல பேர் வாங்கித் தந்த பாடகர்

பண்ணைப்புரம்னு சொன்னதும் நமக்கெல்லாம் இளையராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். ஆனா கம்பம் பள்ளத்தாக்குல அந்த வீட்டிலிருந்து முதல்ல பேர் வாங்கினவர் அவருடைய அண்ணன், பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர்.

அவருடைய வழி ரொம்ப எளிமையானது. ஜனங்க வாயில ஏற்கெனவே புழங்குற சினிமா மெட்டை எடுத்துக்குவார். அதுல அரசியலைப் பேசுற சொந்த வரிகளைப் போடுவார். மெட்டு தெரிஞ்சதுதான், அதனால வார்த்தை நேரா காதுல விழும்.

இதோட பலம் தெரிஞ்ச இடம் தேவிகுளம். போடியிலிருந்து போடிமெட்டு வழியா மலை ஏறினா வர்ற ஊர்ப்பக்கம். 1956-ல் மாநிலங்களைப் பிரிச்சப்போ அது கேரளாவோட போச்சு. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். 1957 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி 126 இடங்களில் 60-ஐப் பிடித்து, சுயேச்சைகள் ஆதரவோடு ஆட்சி அமைத்தது. முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாதுன்னு தேர்தல் வழக்கில் தீர்ப்பாச்சு. 1958-ல் இடைத்தேர்தல். மெஜாரிட்டி மெல்லிசா இருக்கிற ஆட்சிக்கு ஒவ்வொரு சீட்டும் உயிர் மாதிரி.

அந்தப் பிரசாரத்துக்குத்தான் பாவலர் மலையேறினார். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். பாவலர் பாட்டாலதான் ஜெயிச்சாங்கன்னு இன்னைக்கும் சொல்றவங்க உண்டு. ஒரு பாட்டு எத்தனை ஓட்டு வாங்கித் தந்ததுன்னு யாராலும் எண்ண முடியாது. எனக்கு முக்கியமாப் படுறது வேற விஷயம். தலைவர்கள் பேசினது மலையாளம், கேட்டவங்க பேசினது தமிழ். மேடைப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும். பாவலர் பாட்டுக்கு அது தேவைப்படல. தங்கள் மொழியிலேயே, தங்களுக்குப் பழகின மெட்டிலேயே ஒருத்தர் வந்து பேசினது தோட்டத் தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய மரியாதை!

இளையராஜா 14 வயசுல அண்ணன் குழுவில் சேர்ந்தார். பாஸ்கர், கங்கை அமரன்னு தம்பிகள் சேர்ந்து அது 'பாவலர் பிரதர்ஸ்' ஆச்சு. சுமார் பத்து வருஷம் ஊர் ஊராகக் கச்சேரி. திறந்தவெளியில, முதல் தடவை கேட்கும்போதே கூட்டத்தைப் பிடிச்சு உட்கார வைக்கணும். ராஜாவோட மெட்டுகள் ஒரே கேட்பில் மனசுல ஒட்டிக்கிறதுக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். இசைப் பள்ளிக்கூடம்னா அவருக்கு முதல்ல இந்த மேடைகள்தான்.

பாவலர் 1973-ல் இறந்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். தம்பியின் பாட்டு ஊரெல்லாம் ஒலிச்சதை அண்ணன் கேட்கவே இல்லை. ஆனா 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்தது யார்னு பாருங்க: பாவலர் கிரியேஷன்ஸ். அடுத்த தடவை அந்தப் படம் பார்க்கும்போது டைட்டிலை ஓட்டிவிடாதீங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி, மலைத் தோட்டங்களில் பாடின ஒரு மனுஷன் இருக்கார்.