தாமிரத் தேவை, வழங்கல் முன்கணிப்பு: இந்தியா

தாமிரத் தேவை, வழங்கல் முன்கணிப்பு என்பது, ஒரு நாட்டுக்கு வரும் ஆண்டுகளில் எவ்வளவு தாமிரம் வேண்டியிருக்கும், அது எந்தச் சுரங்கத்திலிருந்தும் உருக்காலையிலிருந்தும் பழைய உலோகத்திலிருந்தும் வரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிடும் முறை. ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2023 ஜூனில் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் தாமிரமும் இருப்பதால், இந்தக் கணக்கு இப்போது கொள்கை முடிவுகளுக்கும் அடிப்படையாகிறது. கணிப்பாளர்களின் கவனம் வழக்கமாகத் தேவையின் மீதே குவிகிறது. இந்திய அனுபவமோ, பெரிய பிழை வழங்கல் பக்கத்தில்தான் பதுங்கியிருக்கிறது என்று காட்டுகிறது.

தேவையைக் கணிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வருமானத்தோடு ஒப்பிடுவது. வருமானம் உயரும்போது அதன் ஒவ்வோர் அலகுக்கும் செலவாகும் உலோகம் முதலில் கூடி, பிறகு குறையும் என்ற கருத்தை வில்ஃபிரட் மாலன்பாம் 1970களில் முன்வைத்தார். இந்தியரின் தலா நுகர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ, உலகச் சராசரி 3 கிலோவுக்கு மேல் என்பதால் தேவை பெருகும் என்பது உறுதி. எப்போது, எந்த வேகத்தில் என்பதை இந்த வழி சொல்லாது. இரண்டாவது வழி, பயன்பாடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே செல்லும் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் தடத்தை எடுத்துக்கொள்ளலாம். நீளம் சுமார் 87 கிலோமீட்டர். எஞ்சினின் பேண்டோகிராஃப் உரசிச் செல்லும் தாமிரக் கம்பியின் குறுக்குவெட்டு 107 சதுர மில்லிமீட்டர். மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. அதைத் தாங்கும் 65 சதுர மில்லிமீட்டர் காட்மியத் தாமிரக் கம்பி மீட்டருக்கு அரைக் கிலோவைத் தாண்டும். ஆக, கிலோமீட்டருக்கு ஒன்றரை டன். இரட்டைப் பாதையாக்கும்போது சேரும் ஒரு தடத்துக்கு ஏறத்தாழ 130 டன். ஆனால் இது ஒரே முறை எழும் தேவை. வேலை முடிந்தபின் தேய்ந்த கம்பியை மாற்றும் அளவுக்கு அது சுருங்கிவிடும். சென்ற ஆண்டுகளின் வளர்ச்சியை அப்படியே நீட்டிப் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு தெரியாது. மறுபுறம், பெட்ரோல் காரில் 20 கிலோவை ஒட்டியிருக்கும் தாமிரம் மின்காரில் 80 கிலோ அளவுக்கு உயர்கிறது. விலை ஏறினால், தாமிரத்தின் 61 விழுக்காடு மின்கடத்து திறன் கொண்ட அலுமினியம் பல இடங்களில் அதன் இடத்தைப் பிடிக்கிறது. இப்படிக் கூடுதலும் குறைவும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்வதால் தேவைக் கணிப்பு தவறினாலும் மெல்லத்தான் தவறும்.

வழங்கல் அப்படியல்ல. 1967இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் மலாஞ்ச்கண்ட், கேத்ரி, காட்சிலா பகுதிகளில் வெட்டும் தாதுவில் தாமிரம் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். உருக்காலைகளுக்கு வேண்டிய செறிவூட்டிய தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. உருக்கும் திறனும் தகேஜ், தூத்துக்குடி என்ற இரண்டே ஊர்களில் பெரும்பாலும் குவிந்திருந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறனுள்ள தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை 2018இல் மூடப்பட்டது. 2017–18இல் 8.4 லட்சம் டன்னை ஒட்டியிருந்த சுத்திகரித்த தாமிர உற்பத்தி மறு ஆண்டே ஏறத்தாழ 4.5 லட்சம் டன்னாக விழுந்தது. நிகர ஏற்றுமதி நாடு நிகர இறக்குமதி நாடானது. எந்தத் தேவைக் கணிப்பும் ஓராண்டில் இந்த அளவுக்குப் பிசகுவதில்லை.

நீதிமன்றத் தீர்ப்பையும் மக்கள் போராட்டத்தையும் எந்தச் சூத்திரம் கணிக்கும் என்று கேட்கலாம். நாளைக் கணிக்க முடியாது என்பது உண்மை. வாய்ப்பை எடைபோட முடியும். 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆலையை மூட உத்தரவிட்டது; உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2013 மார்ச்சில் வாயுக் கசிவுப் புகாரால் ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 மே 22இல் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28இல் ஆலைக்கு முத்திரை வைக்க அரசு ஆணையிட்டது. மூடியது செல்லும் என்று 2020இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆக, எச்சரிக்கைகள் எட்டாண்டு முன்பே பொதுப் பதிவில் இருந்தன. நாட்டின் திறனில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒரே வளாகத்தில் இருந்தபோது, தாதுவைப் போலவே சுற்றுவட்டார மக்களின் ஒப்புதலையும் ஒரு மூலப்பொருளாகக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

சந்தையே பற்றாக்குறையைச் சரிசெய்யும் என்பது இன்னொரு மறுப்பு. அதற்கு வலுவான சான்றும் உண்டு. 1972இல் வெளிவந்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூல், அன்றைய நுகர்வு மாறாதிருந்தாலும் அறியப்பட்ட தாமிர இருப்பு 36 ஆண்டுகளுக்கே வரும் என்று கணக்கிட்டது. இன்றைய இருப்பு மதிப்பீடோ அன்றையதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. ஆனால் விலை எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நகர்த்துவதில்லை. பழைய தாமிரம் சில மாதங்களில் சந்தைக்கு வந்துவிடும். புதிய சுரங்கம் கண்டுபிடிப்பிலிருந்து உற்பத்திவரை 15 ஆண்டுகளுக்கு மேல் எடுக்கலாம். முந்த்ராவில் அதானி குழுமத்தின் கட்ச் காப்பர் 2024இல் தொடங்கியது. முதல் கட்டத் திறன் 5 லட்சம் டன். காகிதத்தில் தூத்துக்குடியின் இழப்பு நிரம்பிவிடுகிறது. அதே வேளையில், சுரங்க நிறுவனங்கள் உருக்காலைகளுக்குத் தரும் கூலியின் உலக அளவுகோல் 2024இல் டன்னுக்கு 80 டாலராக இருந்து 2025இல் 21.25 டாலராகச் சரிந்தது. உலகெங்கும் உலைகள் பெருகி, செறிவூட்டிய தாது அரிதானதன் அடையாளம் இது. புதிய உலை பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை; சுத்திகரித்த தாமிரத் தகட்டிலிருந்து தாதுவுக்கு இடம் மாற்றியது.

பழைய தாமிரம் கணக்கில் மிகக் குறைவாகவே தெரிகிறது. காயில் கட்டும் கடையில், எரிந்துபோன பம்ப் மோட்டாரிலிருந்து உருவிய கம்பி எடைக்குப் போய், சிறு உலைகளில் உருகி, மீண்டும் கம்பியாகத் திரும்புகிறது. வழியில் ரசீது இருக்க வேண்டியதில்லை. முன்பு விற்ற மோட்டார், கம்பி ஆகியவற்றின் ஆயுளைக் கொண்டு இந்த வரத்தை ஓரளவு மதிப்பிடலாம். எனவே நாட்டுக்குப் பயன்படும் முன்கணிப்பு, இன்ன ஆண்டில் இத்தனை லட்சம் டன் என்ற ஒற்றை எண்ணில் நிற்கக்கூடாது. தாது, உலை, பழைய உலோகம் என ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல்வரம்பும் கீழ்வரம்பும் தந்து, எது முதலில் தடைபடக்கூடும் என்று சொல்ல வேண்டும். இந்தியாவைப் பொறுத்தவரை அது இன்று தாது. அடுத்த உலைக்கு அனுமதி தருமுன் கேட்க வேண்டிய கேள்வி, அதற்குத் தாது தரும் நீண்டகால ஒப்பந்தம் எங்கே என்பதுதான்.