பதக்கம் சொல்லும் தகுதி

நாணயத்தில் முகம் பொறிக்கும் உரிமை நாடாள்வோருக்கே இருந்தது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அதற்கு மாற்றாக உருவப் பதக்கம் பிறந்தது. அது பணமாகச் செல்லாது; ஆனால் அன்பளிப்பாக ஊர் விட்டு ஊர் செல்லும்.

1438இல் சமயப் பேரவைக்காக இத்தாலி வந்த பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானுக்கு ஓவியர் பிசானெல்லோ வார்த்த பதக்கமே இவ்வகையில் முதலாவது எனப் பெரும்பாலோர் கருதுகின்றனர். முன்புறத்தில் பக்கவாட்டு முகம், பெயர், பட்டம். பின்புறத்தில் ஒரு காட்சி. ரோமானிய நாணயமே இதற்கு முன்மாதிரி. பிறர் தம்மை எப்படி நினைக்க வேண்டும் என்பதை அதைச் செய்வித்தவர்களே தீர்மானித்தனர்.

பெண்களின் நிலை என்ன? பிசானெல்லோ 1447இல் வார்த்த செசிலியா கொன்சாகாவின் பதக்கம் விடை தருகிறது. மாந்துவா ஆட்சியாளரின் மகளான இவர், தந்தை பேசிய திருமணத்தை மறுத்தார். தந்தை மறைந்ததும் கன்னியர் மடம் சேர்ந்தார். பதக்கத்தின் பின்புறம், இளம்பெண் அருகே ஒற்றைக்கொம்பு விலங்கு படுத்திருக்கிறது. அது கன்னிமையின் அடையாளம். முன்புறத்திலோ, துறவு பூண்ட அவர் அரண்மனை உடையில் காட்சி தருகிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது சுற்றியுள்ள எழுத்து. அது அவரைக் கன்னி என்கிறது; அடுத்ததாக, மாந்துவாவின் முதல் மார்க்கிஸின் மகள் என்கிறது. உலகைத் துறந்தவருக்கும் தந்தை பெயரே முகவரியானது.