கடன் பத்திரமும் பஞ்சமி நிலமும்

1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங், கறுப்பின மக்களுக்கு அமெரிக்கா அளித்த வாக்குறுதியை, பணமின்றித் திரும்பிய காசோலைக்கு ஒப்பிட்டார். அன்று தாம்பரத்தையும் உள்ளடக்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்திலோ, அத்தகைய பத்திரம் வெறும் உவமையன்று. அது நிலப்பட்டாவாகவே எழுதப்பட்டது.

ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையையொட்டி, 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த 1010ஆம் எண் அரசாணை தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்க வழிசெய்தது. அருட்பணியாளர்கள் ஆடம் ஆண்ட்ரு, வில்லியம் கௌடி ஆகியோர் அம்மக்களின் நிலவுரிமைக்காக வாதாடினர். பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன்பின்னும் பிற வகுப்பார்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. ஆயினும் அந்நிலங்களுட் பல கைமாறின. அவற்றை மீட்கக் கோரிய கிளர்ச்சியில், 1994 அக்டோபரில், செங்கற்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிர்நீத்தனர்.

தமிழில் கடன் என்னும் சொல் வாங்கிய பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். பவுல் தம்மைக் கடனாளி என்றது இரண்டாம் பொருளிலேயே. கிராமச் சபையார் இழந்த பட்டாவைத் தேடித்தருவது திருச்சபையின் தீராக் கடனாகும்.