பட்டியலில் ஏறிய தோள்வலி

தடுப்பூசி போட்ட கை இரண்டு நாள் வலிப்பது நமக்குப் பழக்கம்தான். மாதக்கணக்கில் கையைத் தூக்கவே முடியாமல் போவது வேறு. ஊசியைத் தோளில் அளவுக்கு மீறி உயரத்தில் குத்தினால், மருந்து தசையில் இறங்காமல் மூட்டுப் பக்கம் இறங்கி அழற்சி உண்டாகும். அமெரிக்காவில் இதை 'சிர்வா' என்கிறார்கள். கோளாறு மருந்தில் அல்ல, குத்திய இடத்தில். தடுப்பூசியே வேண்டாம் என்று பரப்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது.

1980களின் தொடக்கத்தில், முத்தடுப்பு ஊசியால் குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக அங்கே பெற்றோர்கள் வழக்குமேல் வழக்குத் தொடுத்தார்கள். கம்பெனிகள் உற்பத்தியைக் கைவிடத் தொடங்கின. 1986இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. பெற்றோர்கள் கேட்டார்கள் என்பது பாதி உண்மை; கம்பெனிகளுக்கும் அது தேவைப்பட்டது. அவர்கள்மீது நேரடியாக வழக்குப் போடும் வழி பெரும்பாலும் அடைபட்டது.

ஆனாலும் கிடைத்தது சிறிதல்ல. ஒரு டோஸ் தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. அந்த நிதியிலிருந்து இழப்பீடு. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமான அடிப்படையோடு போட்ட வழக்கு தோற்றாலும் வக்கீல் கட்டணம் அந்த நிதியிலிருந்தே கிடைக்கும். கூலி வேலை செய்கிறவர் நீதிமன்றப் படியேற இதைவிட என்ன வேண்டும்?

சிக்கல் பட்டியலில் இருந்தது. எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாத பாதிப்பை மனுதாரரே நிபுணர்களை வைத்து நிரூபிக்க வேண்டும். பட்டியலுக்கு உள்ளே இருப்பதும் வெளியே நிற்பதும் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1950 ஆணையால் வெளியே நிறுத்தப்பட்ட தலித் கிறிஸ்தவர்களைக் கேட்டால் போதும்.

ஃப்ளூ ஊசி 2005இல் திட்டத்துக்குள் வந்தது. பெரியவர்களின் தோள்வலி மனுக்கள் பெருகின. 2017 மார்ச்சில் சிர்வா பட்டியலில் ஏறியது. முன்பு அந்தத் தோளில் கோளாறு இருந்திருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். இவை இருந்தால் காரணம் ஊசிதான் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். மனுப் போட மூன்றாண்டு அவகாசம்.

நான்காண்டுகூட ஆகவில்லை. குத்தியவர் தவறுக்கு இந்த நிதி எதற்கு என்று சொல்லி, சிர்வாவை நீக்கும் விதியை 2021 ஜனவரியில் அரசு வெளியிட்டது. ஆட்சி மாறியதும், அதே ஏப்ரலில் அந்த விதி திரும்பப் பெறப்பட்டது.

கோவிட் ஊசி வந்தபோது அதை இந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அதே செவிலியர் அதே தோளில் அதே உயரத்தில் குத்தியிருந்தாலும் மனு வேறொரு அலுவலகத்துக்குப் போகும். அங்கே அவகாசம் ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டு. நீதிமன்றமும் இல்லை, வக்கீல் கட்டணமும் இல்லை, பட்ட வேதனைக்கு ஒரு காசும் இல்லை.